வெடித்த இரட்டை விண்மீனுக்கு உரிய முகில் எது?

1901 பிப்ரவரி 22 அன்று விடியலுக்கு முன், எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் ஆண்டர்சன் என்ற அமெச்சூர் வானியலாளர் பெர்சியஸ் விண்மீன் குழுவில் அதுவரை அங்கு இல்லாத ஓர் ஒளியைக் கண்டார். மறுநாளே அது வடவானின் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றான கபெல்லாவுக்கு ஏறத்தாழ இணையாகச் சுடர்ந்தது. பிறகு, இப்படித் திடீரென வெடித்துச் சுடரும் எல்லா நோவாக்களையும் போல, மங்கத் தொடங்கியது. வியப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அவ்வாண்டின் பிற்பாதியில் ஹைடெல்பெர்கில் மாக்ஸ் வோல்ஃப், அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் ரிட்சி, லிக் ஆய்வகத்தில் பெரைன் ஆகியோர் எடுத்த படங்களில் அந்த விண்மீனைச் சுற்றி மங்கலான வட்ட முகில் தெரிந்தது. அது மாதத்துக்கு மாதம் கண்கூடாக விரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 11 கலை என்பது அதன் வேகம். பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அறிவார்கள். இன்று நமக்குத் தெரிந்த தூரத்தை, அதாவது ஏறத்தாழ 1,400 ஒளியாண்டுகளை வைத்துக் கணக்கிட்டால், அந்த விரிவு ஒளியின் வேகத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

நடக்க முடியாத ஒன்று படத்தில் பதிவாகியிருந்தது. நெதர்லாந்து வானியலாளர் காப்டைன் விடை சொன்னார்: அங்கே வாயு எதுவும் ஓடவில்லை. வெடிப்பின் ஒளி எல்லாத் திசையிலும் பரவி, ஏற்கெனவே அங்கே கிடந்த தூசுப் படலங்களை ஒவ்வொன்றாக வெளிச்சமிட்டுக்கொண்டே போகிறது. நாம் பார்ப்பது அந்த வெளிச்சத்தின் நகர்வைத்தான். இன்று இதை ஒளி எதிரொலி என்கிறார்கள். அதாவது, ஒரு நோவாவைச் சுற்றி முதன்முதலில் பரபரப்பாகப் பார்க்கப்பட்ட நெபுலா அந்த நோவா விட்டுச்சென்றதே அல்ல. வெடித்த இரட்டை விண்மீன்களின் எச்சங்களைத் தேடும் துறை ஒரு தவறான அடையாளத்தோடு பிறந்தது. அந்தத் தொல்லை இன்றுவரை அதை விடவில்லை.

உண்மையான எச்சம் 1916இல்தான் கண்ணுக்குப் பட்டது. வானியலாளர் பர்னார்ட் அதை யெர்க்ஸில் கண்டார். விண்மீனை ஒட்டி, சில விகலை அளவில் ஒரு சிறு மங்கல். அதுவும் விரிந்தது, ஆனால் மிக நிதானமாக. இன்று அது நூற்றுக்கணக்கான சிறு வாயு முடிச்சுகள் சிதறிப் பறக்கும் வாணவேடிக்கை போலத் தெரிகிறது. வானியலாளர்களும் செல்லமாக அப்படித்தான் அழைக்கிறார்கள். அதன் பட்டியல் பெயர் ஜிகே பெர்சி.

பர்னார்டுக்கு ஒன்று தெரியாது: வெடித்தது தனி விண்மீன் அல்ல. 1934இல் ஹெர்குலிஸ் குழுவில் வெடித்த நோவாவை (டிகியூ ஹெர்குலிஸ்) 1954இல் ஆராய்ந்த மெர்ல் வாக்கர், அது 4 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீள்வதைக் கண்டார். ஒன்றை ஒன்று மறைக்கும் இரண்டு விண்மீன்கள் அவை. அடுத்த பத்தாண்டில் ராபர்ட் கிராஃப்ட் பல பழைய நோவாக்களின் நிறமாலையை எடுத்து, எல்லாமே நெருங்கிய இரட்டைகள்தான் என்ற எண்ணத்தை நிலைநிறுத்தினார். ஒன்று வெண்குறுமீன்: எரிந்து முடிந்து, சூரியனுக்கு நிகரான நிறையைப் பூமியின் பருமனுக்குள் அடக்கிய விண்மீன். மற்றது பெரும்பாலும் சூரியனைவிடச் சிறிய, சாதாரண விண்மீன். இரண்டாவதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வழிந்து, ஒரு வட்டாகச் சுழன்று, முதலாவதன் மேல் படிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த அடுக்கின் அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறும்போது அணுக்கருப் பிணைவு கட்டுக்கடங்காமல் பற்றிக்கொள்கிறது. வெப்பம் பத்துக் கோடி பாகையைத் தாண்டுகிறது. படிந்த அடுக்கு விநாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே எறியப்படுகிறது. வெண்குறுமீன் அழிவதில்லை, மறுபடி வாயு சேர்க்கத் தொடங்குகிறது. சூப்பர்நோவாவுக்கும் நோவாவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

எறியப்படும் நிறை அற்பம். சூரியனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் இலட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கொஞ்ச வாயு விரிய விரிய நீர்த்துப்போகும். நம் பால்வழியில் ஆண்டுக்குச் சுமார் 50 நோவாக்கள் வெடிக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நாம் காண்பது பத்து அளவில்தான், மற்றவை தூசுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. வெடித்தவற்றிலும் மிகச் சிலவற்றைச் சுற்றிய வாயுக் கூடுதான் தொலைநோக்கிக்கு எட்டுகிறது.

தேடும் முறை கேட்க எளிது. ஹைட்ரஜன் அணு 656.3 நானோமீட்டரில் வெளிவிடும் சிவப்பு ஒளியை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி வழியாக ஒரு படம். நைட்ரஜனின் கோடு பக்கத்திலேயே 658.4இல் இருப்பதால் அதுவும் சேர்ந்தே வரும். நோவாவில் பிணைவு வினைகள் நைட்ரஜனை ஏராளமாக உண்டாக்குவதால் இது இலாபமே. ஆக்சிஜனின் பச்சைக் கோட்டில், 500.7இல், இன்னொரு படம். பிறகு விண்மீன்களின் சாதாரண ஒளியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வாயு. ஆனால் பால்வழித் தளத்தில் வாயு இல்லாத இடம் ஏது? விண்மீன்களுக்கு இடையே இயல்பாகவே ஹைட்ரஜன் முகில்கள் கிடக்கின்றன. சூரியனைப் போன்ற விண்மீன்கள் முதுமையில் உதறும் கோள்வடிவ நெபுலாக்கள் இருக்கின்றன. வேகமாக ஓடும் விண்மீன் தன் முன்னால் தள்ளும் வில் வடிவ அலைகளும் உண்டு. இவற்றில் எதுவும் ஒரு நோவாவைச் சுற்றிய கூடு போலவே தோன்றலாம். கூடுகளின் வடிவமோ ஒன்றுபோல் இருப்பதில்லை: டிகியூ ஹெர்குலிஸின் கூடு இடுப்பில் வளையம் கட்டிய முட்டை, வேகமாக மங்கிய நோவாக்களின் கூடுகள் பொதுவாக உருண்டை, மெல்ல மங்கியவற்றின் கூடுகள் நீள்வட்டம். வடிவத்தை நம்பி அடையாளம் சொல்வதில் பயனில்லை என்பதே என் முடிவு.

நம்பத்தக்கது அசைவு. இதில் ஜிகே பெர்சிதான் பாடநூல். எஸ்டோனியாவின் தீனா லீமெட்ஸும் அவர் குழுவும் 2012இல் அதன் இருநூறுக்கும் மேற்பட்ட முடிச்சுகளின் நகர்வைத் தனித்தனியே அளந்தார்கள். ஒவ்வொன்றும் வானத்தளத்தில் ஆண்டுக்கு 0.3 முதல் 0.5 விகலை வரை மையத்தை விட்டு விலகுகிறது. நிறமாலைக் கோடுகள் எவ்வளவு இடம்பெயர்ந்துள்ளன என்பதிலிருந்து அவை நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகமும் கிடைக்கிறது: பெரும்பாலும் விநாடிக்கு 600 முதல் 1,000 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்தால் முகிலின் முப்பரிமாண வடிவமும், வேகத்தைக் கோண நகர்வோடு ஒப்பிடுவதால் தூரமும் கையில் வருகின்றன. நகர்வைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லா முடிச்சுகளும் ஒரே புள்ளியில் ஒரே காலத்தில் சந்திக்க வேண்டும். அந்தக் காலம் 1901க்கு அருகில் வந்தால்தான் முகில் அந்த நோவாவுடையது. நூறாண்டு கடந்தும் முடிச்சுகள் பெரிதாக வேகம் குறையவில்லை என்பது இந்த ஆய்வின் எதிர்பாராத முடிவு.

இதே விண்மீனில் இந்தியப் பங்கும் உண்டு. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஜி.சி. அனுபமாவும் புனே அருகே உள்ள ராட்சத மீட்டர்அலை வானொலித் தொலைநோக்கியைப் பயன்படுத்திய நிமிஷா கந்தாரியாவும் 2005இல் அந்தக் கூட்டின் குறைந்த அதிர்வெண் வானொலி வீச்சை ஆராய்ந்தார்கள். சூடான வாயு இயல்பாக வீசும் வானொலி அலை அல்ல அது. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்களுடையது. சூப்பர்நோவா எச்சங்களில் காணும் நடத்தை, அளவில் சிறியதாக. அனுபமாவும் டி.பி. பிரபுவும் இதற்கு முன்பே, ஆர்எஸ் ஓபியூகி என்ற, மீண்டும் மீண்டும் வெடிக்கும் மீள்நோவாவின் 1985ஆம் ஆண்டு வெடிப்பை வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் இருந்து பின்தொடர்ந்தவர்கள்.

வெடிப்பை யாரும் பார்க்காத இடத்திலும் அசைவு தேதி சொல்லும். டி பிக்சிடிஸ் என்ற நோவா 1890, 1902, 1920, 1944, 1966, 2011 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. அதைச் சுற்றி ஹப்பிள் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் படம் பிடித்தது. அடிக்கடி வெடிக்கும் விண்மீன் என்பதால் அவை இந்த வெடிப்புகளின் குவியல் என்று கருதுவது இயல்பு. பிராட்லி ஷேஃபரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களின் நடுவிலும் 2007லும் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, முடிச்சுகள் வேகம் குறையாமல் ஒரே விகிதத்தில் விரிவது தெரிந்தது. பின்னோக்கி ஓட்டினால் வந்த ஆண்டு 1866, ஐந்தாண்டு கூடக் குறைய. பட்டியலில் இல்லாத ஆண்டு! வேகமும் குறைவு, நிறையும் மிகுதி. ஆக, 1866இல் யார் கண்ணிலும் படாத ஒரு சாதாரண நோவா வெடிப்பு நடந்து, அதுதான் பின்வந்த தொடர் வெடிப்புகளைத் தூண்டியது என்பது அவர்கள் வாதம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல் இதுதான்.

ஆனால் அசைவு மட்டும் போதாது என்று கற்பித்த விண்மீன் ஒன்றும் உண்டு. 1670 ஜூனில் பிரெஞ்சுத் துறவி ஆந்தெல்ம் வல்பெக்குலா குழுவில் ஒரு புதிய விண்மீனைக் கண்டார்; அடுத்த மாதம் வானியலாளர் ஹெவேலியஸும் தனியாகக் கண்டார். சிகே வல்பெக்குலே என்ற அந்த இடத்தில் 1980களில் மைக்கேல் ஷாராவும் ஆந்தனி மொஃபாட்டும் மங்கலான முகில் துண்டுகளைக் கண்டு, மீண்டும் கண்டெடுக்கப்பட்ட நோவாக்களில் மிகப் பழையது இதுவே என்று அறிவித்தனர். பின்னர் அளக்கப்பட்ட விரிவும் 1670உடன் பொருந்தியது. இடம் சரி, காலம் சரி. இருந்தும் 2015இல் தோமாஷ் காமின்ஸ்கியின் குழு சிலி நாட்டின் அப்பெக்ஸ் தொலைநோக்கியால் பார்த்தபோது, அங்கே நோவாவுக்குப் பொருந்தாத அளவில் குளிர்ந்த மூலக்கூறுகள் குவிந்து கிடந்தன. கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதங்களும் விசித்திரமாக இருந்தன. 2018இல் கதிரியக்க அலுமினியம்-26 அடங்கிய மூலக்கூறையே கண்டார்கள். இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றான நிகழ்ச்சியின் எச்சம் அது என்பது அவர்கள் கருத்து. 2020இல் அகமதாபாத்தின் டி.பி.கே. பானர்ஜியும் உடன் ஆய்ந்தோரும் அதன் தூரத்தைச் சுமார் 10,000 ஒளியாண்டு என்று திருத்தினார்கள். முன்பு நினைத்ததைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. எல்லாக் கணக்கும் மாறியது. ‘எப்போது’ என்ற கேள்விக்கு அசைவு பதில் சொல்லும். ‘எது’ என்ற கேள்விக்கு வாயுவின் வேதியியலைத்தான் கேட்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் குழப்பம் நேர்கிறது. ஓரியன் குழுவில் டெ 11 என்ற முகில் கோள்வடிவ நெபுலா என்றே கருதப்பட்டுவந்தது. அதன் நடுவே ஒன்றை ஒன்று மறைக்கும் குறுநோவா இருப்பதையும், அந்த முகில் உண்மையில் ஒரு பழைய நோவாவின் கூடு என்பதையும் 2016இல் பிரென்ட் மிசால்ஸ்கியின் குழு வெளியிட்டது. குறுநோவா என்பது வேறு: அங்கே அணுக்கரு வெடிப்பு இல்லை, சுழலும் வாயு வட்டு அவ்வப்போது நிலைகுலைந்து பளிச்சிடுகிறது, அவ்வளவே. நோவா வெடிப்பின் கூட்டுக்குள் சிறு பளிச்சிடல்காரன் உட்கார்ந்திருப்பது ஏன்?

இங்கேதான் முகில் தேடுவது ஏன் முக்கியம் என்பது புரியும். 1986இல் ஷாரா, மாரியோ லிவியோ, மொஃபாட், மரீனா ஓரியோ ஆகியோர் ஒரு கருதுகோளை வைத்தார்கள். வெடித்த சூட்டில் துணை விண்மீன் சில காலம் வாயுவைத் தாராளமாகக் கொட்டும். சூடு ஆறியதும் வரத்து குறைந்து அந்த இரட்டை குறுநோவாவாக மாறும். பின்னர் பல்லாயிரம் ஆண்டுகள் ஏறத்தாழ உறங்கும். மறுபடி விழித்து வெடிக்கும். இது உண்மையானால் சில குறுநோவாக்களைச் சுற்றிப் பழைய நோவாக் கூடுகள் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க முகிலைத் தவிர வேறு சாட்சி கிடைப்பது அரிது. எந்த மனிதனும் ஒரு நோவாவின் முழுச் சுற்றைப் பார்க்க முடியாது.

தேடியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெறும் வானம். டேவிட் சாமனின் குழு 2015இல் இத்தகைய 101 இரட்டைகளைச் சுற்றித் தேடியதில் தேறிய கூடு ஒன்றுதான், வி1315 அக்விலே என்ற விண்மீனைச் சுற்றி. லிண்டா ஷ்மிட்டோப்ரைக்கின் குழு குறுநோவாக்களைச் சுற்றித் தேடி ஒன்றும் காணாமல், இரு வெடிப்புகளுக்கு இடையே 13,000 ஆண்டுக்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும் என்று கணித்தது. இல்லாத முகிலிலிருந்தும் ஓர் எண்ணைப் பெற முடிந்திருக்கிறது.

கண்டெடுத்தவற்றில் உறுதியானது கொரியாவின் பதிவேட்டிலிருந்து வந்தது. 1437 மார்ச் 11 அன்று, மன்னர் சேஜோங் ஆட்சியில், சியோல் நகர வானியலாளர்கள் விருச்சிகத்தின் வாலில் ஒரு புதிய விண்மீனைக் கண்டு பதிந்தார்கள். நாம் மூலம் என்று சொல்லும் நட்சத்திரப் பகுதி அது. பதினான்கு நாள் தெரிந்து மறைந்தது. எந்த இரு விண்மீன்களுக்கு நடுவே என்றும் எழுதிவைத்தார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு ஷாராவும் பண்டைய வானியல் பதிவுகளின் அறிஞர் ரிச்சர்ட் ஸ்டீஃபன்சனும் ஏறத்தாழ முப்பது ஆண்டு தேடினார்கள். தேடும் பரப்பை அகலப்படுத்திய பின்னரே, சிலியின் லாஸ் காம்பனாஸில் எடுத்த ஹைட்ரஜன் படத்தில் கூடு சிக்கியது. ஒரு சிக்கல்: கூட்டின் மையத்தில் விண்மீன் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு வெண்குறுமீன் இரட்டை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரா, சொந்தக்காரரா?

தீர்த்துவைத்தது ஹார்வர்ட் ஆய்வகம் பெருவில் வைத்திருந்த நிலையத்தில் 1923இல் எடுத்த ஒரு கண்ணாடித் தகடு. அந்தத் தகட்டில் இரட்டையின் இடத்தையும் இன்றைய இடத்தையும் ஒப்பிட்டு அதன் நகர்வை அளந்து, 1437க்குப் பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். அது கூட்டின் மையத்தில் போய் நின்றது. விண்மீன் தன் வழியே போய்க்கொண்டிருக்க, கூடு சுற்றுப்புற வாயுவில் மோதித் தயங்கியிருக்கிறது. அதே தகட்டுச் சேமிப்பில் இன்னொன்றும் அகப்பட்டது: 1934, 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் அந்த இரட்டை குறுநோவாவாகப் பளிச்சிட்டிருந்தது. நோவா ஐந்நூறு ஆண்டுக்குள் குறுநோவாவாகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. ஆனால் 2017இல் நேச்சர் இதழில் வந்த இந்தக் கட்டுரை ‘உறக்கக்’ கருதுகோளை முழுவதும் நிரூபித்துவிட்டதாகச் சொல்வது மிகை. குறுநோவா நிலை வரை நிரூபணம் வந்திருக்கிறது. அதற்குப் பிந்தைய நெடுந்தூக்கம் இன்னும் ஊகம்தான்.

கொரிய வெற்றிக்குப் பிறகு பழைய ஆவணங்களின் மேல் ஓர் ஆசை கிளம்பியிருப்பது இயல்பே. டெ 11ஐக் கி.பி. 483இல் ஓரியனில் தோன்றிய விண்மீனோடு இணைத்திருக்கிறார்கள். மெசியர் 22 என்ற கோள விண்மீன் கொத்தில் 2019இல் ஃபாபியான் கோட்கென்ஸ் குழு கண்ட சிறு முகிலைச் சீனர்கள் கி.மு. 48 மே மாதத்தில் கண்ட ‘விருந்தினர் விண்மீனோடு’ இணைத்திருக்கிறார்கள். பின்னதில் முகில் கொத்தோடு சேர்ந்தே நகர்கிறது என்பதை நிறமாலை உறுதிசெய்தது; வாயுவின் நிறையும் கோடுகளின் விகிதமும் நோவாவுக்குப் பொருந்தின. ஆனால் கி.மு. 48 என்ற தேதியைத் தாங்குவது இடப்பொருத்தம் ஒன்றே. பண்டைய பதிவுகளின் இடக்குறிப்பு பல சமயம் பாகைக் கணக்கில் அகன்றது. அவ்வளவு பரப்பில் பொருந்தக்கூடிய விண்மீன் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். பதிவேடு முதலில் வந்து, தகடும் அசைவும் பின்னால் வந்து உறுதிசெய்த 1437உடன் இவற்றை ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இந்த எச்சரிக்கையை வேறு யாரையும்விட நன்றாகக் கடைப்பிடிப்பது ஷாராவின் குழுவே. கேமலோபார்டலிஸ் குழுவின் இசட் கேம் என்ற புகழ்பெற்ற குறுநோவாவைச் சுற்றிக் கேலக்ஸ் செயற்கைக்கோளின் புற ஊதாப் படங்களில் ஒரு பெருங்கூடு இருப்பதை அவர்கள் 2007இல் அறிவித்தார்கள். குறுநோவாவைச் சுற்றிக் கண்ட முதல் நோவாக் கூடு அது. உடனே, சீனர்கள் கி.மு. 77இல் கண்டது இதையே என்று ஒருவர் அதே இதழில் எழுதினார். அது அசைகிறதா என்று பார்க்கப் பதினைந்து ஆண்டுப் படங்கள் தேவைப்பட்டன. நியூ மெக்சிகோவின் காண்டோர் தொலைநோக்கி அணியால் எடுக்கப்பட்டு 2024இல் வெளியான அளவீட்டில் விரிவின் வேகம் விநாடிக்கு 83 கிலோமீட்டர், பிழை வரம்பு 37. அதிலிருந்து வரும் வயது சுமார் 2,670 ஆண்டு. ஆனால் அது 1,850ஆகவும் இருக்கலாம், 4,770ஆகவும் இருக்கலாம். முதல் கூட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய, இன்னும் மங்கலான இரண்டாவது கூடும் தெரிந்தது. முந்தைய ஒரு வெடிப்பின் மிச்சமாக இருக்க வேண்டும். கி.மு. 77 அந்த வயது வரம்புக்குள் விழுகிறது, ஆனால் அந்த வரம்பு மூவாயிரம் ஆண்டு அகலம். எனவே இசட் கேம் பெயருக்கு எதிரே அந்த ஆண்டை எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதை நீக்கும் படங்கள் இன்னும் எடுக்கப்படவில்லை.